கூலிங் அக்கா கடைக்கு வந்த ஓணான்கள்

கூலிங் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று உண்டு. அது வங்கிக்காரர்களுக்கும் அவருடைய கணவருக்கும் மட்டும்தான் தெரியும். கணவரும் கோபம் வந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அவருக்குக் கோபமே வராது என்பதால் பெயர் இன்னும் கசங்காமல் புதிதாகவே இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவர் கூலிங் அக்கா. ஏசி ரிப்பேர் செய்பவர். நாற்பதைத் தாண்டிய வயது, குள்ளமான உருவம், தெருமுனையில் நின்று பேசினால் மூன்றாவது மாடியில் கேட்கும் குரல்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஓர் ஏசி ரிப்பேர் கடையில் போன் எடுக்கும் வேலைக்குத்தான் அவர் சேர்ந்தார். வெயில் காலத்தில் அந்தப் போனை எடுப்பதும் திட்டு வாங்குவதும் ஒன்றுதான். "இதோ கிளம்பிட்டாங்க", "பக்கத்துல வந்துட்டாங்க" என்று பொய் சொல்லியே நாக்கு தேய்ந்துபோயிருந்த ஒரு மத்தியானம், கைக்குழந்தைக்காரி ஒருத்தி போனில் அழுதேவிட்டாள். கடையில் மெக்கானிக் ஒருவர்கூட இல்லை. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு தானே கிளம்பினார். அதுவரை அவர் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டது வீட்டுத் தையல் மிஷினுக்காக மட்டும்தான். போய்ப் பார்த்தால் ஃபில்டரில் கம்பளி போர்த்தியதுபோல அழுக்கு. கழுவி மாட்டினார். ஜில்லென்று காற்று வந்தது. குழந்தை சிரித்ததோ என்னவோ, அக்கா சிரித்தார். மறுநாள் முதலாளியிடம் போய், "போனுக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டார்.

இப்போது அவருக்குச் சொந்தக் கடை இருக்கிறது. கார் நிறுத்தும் இடத்தைத் தடுத்துக் கட்டிய நீளமான அறை. ரிப்பேர் செய்த ஏசியை ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்காமல் திருப்பிக் கொடுக்க மாட்டார். அதற்காக ஒரு பக்கச் சுவரில் இரும்புச் சட்டம் அடித்து, வரிசையாக ஏசிகளை மாட்டி வைத்திருப்பார். வெயில் காலத்தில் தெருவிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். பக்கத்துக் கடைத் தையல்காரர் ஊசி கேட்டு வருவார். ஏசிக் கடையில் ஊசி ஏது என்று அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். "உக்காருங்க, தேடிப் பாக்கறேன்" என்பார் அக்கா.

இப்படிப்பட்ட மனுஷிக்கு ஒரே ஒரு பலவீனம். பல்லி, ஓணான், அரணை என்று அந்தச் சாதியில் எதைக் கண்டாலும் உயிர் போய்விடும். பள்ளி நாடகத்தில் அவர் ராணி வேடம் போட்டார். அட்டைக் கிரீடத்தைத் தலையில் வைத்ததும் உள்ளே இருந்த பல்லி நெற்றி வழியாக மூக்கில் இறங்கியது. ராணி மேடையிலிருந்து குதித்து, தலைமை ஆசிரியரையும் தாண்டி ஓடினார். அன்று தொடங்கிய பயம்.

தொழிலோ நேர் எதிர். ஏசியின் வெளிப்பெட்டிக்குள் மின்சாரப் போர்டு இருக்கிற மூலை எப்போதும் கதகதப்பாக இருக்கும். குளிர்ந்த ராத்திரிகளில் பல்லிகளுக்கு அது சொர்க்கம். உள்ளே போய்ச் சுருண்டு படுக்கும். சில சமயம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே கால் வைத்து, தானும் செத்து போர்டையும் எரித்துவிட்டுப் போகும். அதனால் அக்கா தன் கொழுந்தனை வேலைக்கு வைத்திருந்தார். தடித்த உடம்பு, நிதானமான ஆள். அக்கா பெட்டியைத் திறக்கும் முன் அவன் திறந்து பார்த்து, "ஆளில்ல அண்ணி" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அக்கா கிட்டே போவார்.

அந்த வருடம் வெயில் மண்டையைப் பிளந்தது. நடுவில் ஒரு ராத்திரி மட்டும் திடீரென்று மழை கொட்டிக் குளிர்ந்தது. மறுபடியும் அதே வெயில். மழைக்கு இரண்டு நாள் கழித்து ஒரு கல்லூரியிலிருந்து போன் வந்தது. மேல்மாடி ஆய்வக அறையில் ஏசி நின்றுவிட்டதாம், உடனே வர வேண்டுமாம். அன்றைக்கென்று பார்த்துக் கொழுந்தனுக்குக் கடைவாய்ப்பல் வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டரிடம் போயிருந்தான். ஆய்வகம்தானே, அங்கே பல்லி எங்கே வரப் போகிறது என்று அக்கா தனியாகவே போனார்.

அவரை வரவேற்றது ஒரு பெண் விஞ்ஞானி. கொண்டையில் பேனா செருகி, தூங்காத கண்களோடு நின்ற அந்த ஒல்லியான பெண்ணை, கல்லூரி முழுவதும் ஓணான் மேடம் என்றுதான் அழைத்தது. அக்காவுக்கு அது தெரியாது. ஜன்னல் இல்லாத அறைக்குள் நுழைந்தார். சுவரோரம் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். மீன் வளர்க்கிறார்கள் போல என்று குனிந்து பார்த்தார். மீன் முள்முதுகோடு நிமிர்ந்து அவரைப் பார்த்தது.

அக்கா கத்திய கத்தலில் கீழ்த்தளத்துக் காவலாளி ஓடி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் அக்கா பாதிப் படி இறங்கியிருந்தார்.

"அக்கா, அக்கா! அது ஒண்ணும் பண்ணாதுக்கா!" என்று மேடம் பின்னாலேயே ஓடி வந்தார்.

"அது பண்ணாது மேடம். நான்தான் ஏதாவது பண்ணிப்பேன். மயங்கி விழுந்தா யார் தூக்குறது?"

"ஏசி வெளிப்பெட்டி மொட்டை மாடியில இருக்கு. நீங்க அந்த ரூமுக்கே வர வேணாம். அதையாவது பாருங்க, ப்ளீஸ்."

"பெட்டிக்குள்ள பல்லி இருந்தா?"

"நான் எடுத்துடறேன்."

மொட்டை மாடிக்கு இரும்பு ஏணிதான் வழி. அதைப் பார்த்ததும் மேடத்தின் முகம் வெளுத்தது. உயரம் என்றால் அவருக்குக் கை கால் நடுங்குமாம். அக்கா ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "சரிதான் போங்க, நல்லா சேர்ந்தோம்" என்றார் அக்கா. கண்ணை இறுக மூடிக்கொண்டு மேடம் ஏற, கீழிருந்து அக்கா தோளால் முட்டுக் கொடுத்துத் தள்ள, ஒருவழியாக இருவரும் மேலே போய்ச் சேர்ந்தார்கள். மூடியைக் கழற்றி மேடம் உள்ளே எட்டிப் பார்த்தார். போர்டின் மேல் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. "மழை பெஞ்ச அன்னிக்கு குளிர் தாங்காம வந்து இங்கயே தங்கியிருக்கும் பாவம்" என்று அதைக் கைக்குட்டையில் எடுத்தார். போர்டு பாதி எரிந்து, மீதியும் போயிருந்தது.

"புது போர்டு வெளியூர்ல இருந்து வரணும் மேடம். நாளன்னிக்கு ஆயிடும்."

மேடம் அப்படியே சுடும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதுவரைக்கும் தாங்காதுக்கா."

கீழே வந்ததும் அக்கா வாசற்படியைத் தாண்டாமல், கதவைக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். தொட்டிகளில் ஓணான்கள் வாயைப் பிளந்தபடி இருந்தன. உடம்பு வெளிறிப் போயிருந்தது. ஒன்று தண்ணீர்ச் சட்டிக்கு அடியில் தலையைப் புதைத்திருந்தது. இன்னொன்று தரை சுடுகிறதென்று வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான்கு கால்களின் நுனியில் நின்றது.

"எதுக்கு வாயத் தொறந்து வெச்சிருக்கு?"

"சூடு தாங்கல. நமக்கு வேர்க்கும், அதுக்கு வேர்க்காது. வாயத் தொறந்து கொஞ்சம் சூட்ட வெளிய விடுது. அதுங்களுக்கு உடம்புக்குள்ள சூடு, குளிர்ச்சி எதையும் உண்டாக்கிக்கத் தெரியாதுக்கா. காலையில குளிர்ந்தா வெயில் படற கல்லுல வந்து ஒட்டிக்கும். சூடாயிட்டா நிழலுக்கு ஓடும். மறுபடி குளிர்ந்தா மறுபடி வெயிலு. நாள் பூரா இதே வேலைதான்."

அக்காவின் பயத்தைத் தாண்டி அவருக்குள் இருந்த மெக்கானிக் விழித்துக்கொண்டார். "அதாவது, சூடு ஏறினா ஆஃப், இறங்கினா ஆன். நம்ம ஏசில சூட்டப் பாத்து ஆன் ஆஃப் பண்ற தெர்மோஸ்டாட்டேதான், தலைகீழா!"

"அதேதான்!"

"என்ன, நம்மளுது பெட்டிக்குள்ள இருக்கு. அதுக்குக் காலுல இருக்கு."

மேடம் அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். பிறகு தொட்டிகளைக் காட்டி, "வெளிய இருந்தா மரப்பொந்துக்குள்ள போயிருக்கும், புதருக்குள்ள போயிருக்கும். நான்தான் கண்ணாடிக்குள்ள அடைச்சு வெச்சிருக்கேன். இப்ப எங்க ஓடும்?" என்றார்.

"வேற ஏசி ரூம் இல்லையா?"

"கீழ ஒண்ணு இருக்கு. கெமிக்கல் ரூம். உயிருள்ளத வைக்கவே கூடாது. என் வீட்ல ஏசி இல்ல. வீட்டுக்காரர் ஒரு பூனைக்கே சம்மதிக்கல."

"அப்ப நம்ம கடைக்குக் கொண்டு வாங்க" என்றது ஒரு குரல். அது தன்னுடைய குரல் என்று அக்காவுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. அதற்குள் மேடம் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் கணவர் வேன் ஓட்டுபவர். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவர் வேலை. விடுமுறைக் காலம் என்பதால் வேன் வீட்டு வாசலில் சும்மா நின்றது.

"ஏங்க, வேன எடுத்துட்டு காலேஜுக்கு வாங்க. கொஞ்சம் ஓணான் ஏத்தணும்."

அக்கா போனில் கூப்பிட்டுச் சொன்னார். "யாரு பேசறது?" என்றார் கணவர்.

"நான்தாங்க!"

"குரல் அப்படித்தான் இருக்கு. சொல்ற விஷயம்தான் வேற யாரோ சொல்ற மாதிரி இருக்கு."

வந்துவிட்டார். ஓணான்களை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் ஒவ்வொன்றாக விட்டு, பிள்ளைகள் உட்காரும் இருக்கைகளில் வரிசையாக வைத்தார்கள். மேடம் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்தார். அக்கா முன் இருக்கையில், கால்களை மேலே தூக்கி மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "நம்ம பசங்களவிட ரொம்ப ஒழுங்கு" என்று கணவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துச் சொன்னார். "ஒருத்தன்கூட ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடல."

கடையில் மேஜையைக் காலி செய்து டப்பாக்களை அடுக்கினார்கள். சூடு தரும் விளக்குகளும் மணல் தொட்டிகளும் கல்லூரியிலேயே இருந்தன. அவற்றை எடுத்துவர மேடம் வேனில் திரும்பிப் போனார். போகும் அவசரத்தில், "கூலா வெச்சிருங்கக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

கூலிங் அக்காவிடம் போய் இப்படிச் சொல்லலாமா? இவ்வளவு நேரம் வெந்துபோன விருந்தாளிகள் ஆயிற்றே என்று அவர் சட்டத்தில் மாட்டியிருந்த அத்தனை ஏசிகளையும் ஓடவிட்டு, எல்லாவற்றையும் இருந்ததிலேயே குறைந்த அளவுக்குத் திருகினார். ஊசி தேடி வந்த தையல்காரர் பல் கிட்டித்துத் திரும்பிப் போனார். அக்காவும் வாசலில் ஸ்டூல் போட்டு வெளியே உட்கார்ந்துகொண்டு, அவ்வப்போது கண்ணாடிக் கதவு வழியாகப் பெருமையோடு பார்த்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் வந்தான். பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். கன்னம் ரொட்டி மாதிரி உப்பி, வாயில் பஞ்சு அடைத்திருந்தது. உள்ளே போனவன் அதே வேகத்தில் வெளியே வந்தான்.

"அண்ணி, எல்லாம் ஹெத்துப்போச்சு."

"என்னடா சொல்ற?"

"ஹெத்துப்போச்சு அண்ணி. கறுத்துப்போய்க் கிடக்கு."

அக்கா ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். கதவைத் திறந்து உள்ளே போனார். வெளிறியிருந்த ஓணான்கள் எல்லாம் கரிக்கட்டை நிறத்தில், அசைவில்லாமல், கண்ணை மூடிக் கிடந்தன. ஏசிக்கு நேர் கீழே இருந்த டப்பாவில் பெரிய ஓணான் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து விறைத்திருந்தது. நம்பி ஒப்படைத்தாளே அந்தப் பெண், ஒரு மணி நேரத்தில் கொன்றுவிட்டோமே என்று அக்காவின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. மேடத்துக்குப் போன் போட்டார்.

"மேடம், மன்னிச்சிருங்க. எல்லாம் போயிடுச்சு. கறுப்பாயிடுச்சு, ஆடல அசையல..."

"எவ்வளவு குளிர்ல வெச்சீங்க?"

சொன்னார். மறுமுனையில் மேடம், "ஐயோ" என்றார். பிறகு, "அழாதீங்கக்கா. செத்திருக்காது. குளிர்ல விறைச்சிருக்கு. வெயில இழுத்துக்கத்தான் உடம்பக் கறுப்பாக்கிக்கும். மொதல்ல எல்லா ஏசியும் அணைங்க. டப்பாவ எல்லாம் வாசல் பக்கம் நிழலுக்கு நகத்துங்க, அந்த வெதுவெதுப்பு போதும். மேல வெயில் மட்டும் படக் கூடாது. ரொம்ப மோசமா எது இருக்கு?" என்று கேட்டார்.

"பெருசு ஒண்ணு. சாஞ்சு கிடக்கு."

"அத கையில எடுத்துக்கோங்க. உங்க உடம்புச் சூடு அதுக்குப் போகட்டும். நான் வந்துட்டே இருக்கேன்."

ஏசிகளை அணைத்து டப்பாக்களை நகர்த்தியதும் அக்கா திரும்பி, "டேய், அந்தப் பெருச எடு" என்றார். கொழுந்தன் தன் இரண்டு கைகளையும் காட்டினான். அவன் ஏற்கெனவே கைக்கு ஒன்றாக இரண்டு ஓணான்களைப் பொத்திப் பிடித்திருந்தான். "நீங்கதான் அண்ணி" என்றான் பஞ்சு வாயோடு.

அக்கா டப்பாவின் மூடியைத் திறந்தார். கண்ணை மூடினார். பள்ளி மேடை, கிரீடம், மூக்கு எல்லாம் ஒரு கணம் வந்து போயின. கையை உள்ளே விட்டார். சில்லென்று, சொரசொரவென்று, எடையே இல்லாமல் இருந்தது அது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மூடிக்கொண்டார். தன் கை இப்படி நடுங்கினால் அதற்கு மயக்கம் தெளிவதற்குள் தலை சுற்றிவிடுமே என்று தோன்றியதும் மூச்சை இழுத்துப் பிடித்து நடுக்கத்தை நிறுத்தினார்.

"எந்திரிச்சுக்கோடா கண்ணு. தெரியாம பண்ணிட்டேன். சூடுன்னா சூடு, குளிருன்னா குளிரு, நடுவுல நிக்கத் தெரியாத பொம்பள நான்."

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விரலுக்கு அடியில் ஏதோ மெல்ல இழுத்தது. கையைத் திறந்து பார்த்தார். ஒரு கண் திறந்திருந்தது. கருமை முதுகின் நடுவிலிருந்து விலகி, பழுப்பு மெல்லப் பரவியது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "முழிச்சிடுச்சுடா!" என்று அவர் கத்திய கத்தலில் கொழுந்தனின் கையில் இருந்த இரண்டும் சேர்ந்து விழித்துக்கொண்டன.

விழித்த ஓணானுக்கு இன்னும் சூடு தேவைப்பட்டது. அது தேடியது, கண்டுபிடித்தது. மணிக்கட்டில் ஏறி, முழங்கை வழியாக, தோளைத் தாண்டி, அக்காவின் பிடரியில் கூந்தலுக்கு அடியில் போய் வயிற்றைப் பதித்துப் படுத்துக்கொண்டது. அக்கா சிலையாக நின்றார். மேடமும் வேனும் வந்து சேரும்வரை அவர் கண் இமையைத் தவிர வேறு எதையும் அசைக்கவில்லை.

"ஓடலையா நீ?" என்று கணவர் மலைத்துப்போய்க் கேட்டார்.

"ஓடினா விழுந்துடுமேங்க" என்றார் அக்கா உதட்டை அசைக்காமல்.

அப்போது எதிரே வந்து நின்ற மகள், கல்லூரியில் முதல் வருடம் படிப்பவள், அம்மாவைப் படம் பிடித்து உறவு முழுக்க அனுப்பிவிட்டாள். சாயங்காலத்துக்குள் நாத்தனார் போன் செய்து, "என்ன அண்ணி, புது நகையா?" என்று கேட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் கடையில் வியாபாரம் பாதி, வேடிக்கை பாதி. ஒரு பக்கம் விளக்கு, மறு பக்கம் மிதமான ஏசி, நடுவில் மணல் தொட்டிகள் என்று மேடமும் அக்காவும் சேர்ந்து அமைத்தார்கள். ஓணான்கள் விளக்கடியில் காய்ந்தன, பிறகு நிழலுக்கு நடந்தன, மறுபடி வந்தன. அக்கா முதலில் தூரத்தில் ஸ்டூல் போட்டுப் பார்த்தார். மறுநாள் ஸ்டூல் கிட்டே வந்திருந்தது. ரிப்பேர் செய்த பழைய ஏசி விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டு வந்த ஒருவர், "இதெல்லாம் என்னம்மா?" என்று மிரண்டார். "டெஸ்ட் பண்றோம் சார். இவங்க ஓகே சொன்னாத்தான் மெஷினையே வெளிய விடுவோம்" என்றார் அக்கா. அவர் நம்பிக்கையோடு ஒன்று வாங்கிப் போனார்.

போர்டு வந்தது. கல்லூரி ஏசி ஓடியது. ஓணான்கள் வேனில் திரும்பிப் போயின. ஒன்றுகூடச் சாகவில்லை. அந்தக் கருகிய பல்லி மட்டும் அக்காவின் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. கம்பி வலையை வெட்டி, வெளிப்பெட்டியின் போர்டு மூலைக்கு ஒரு மூடி செய்தார். மேடத்திடம் காட்டினார். மேடம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குக்கா. ஆனா குளிர்ற ராத்திரியில அது எங்க போகும்?" என்று கேட்டார். இருவரும் யோசித்தார்கள். கடைசியில் வெளிப்பெட்டிக்குப் பக்கத்திலேயே, வெயில் படும் சுவரில், ஒரு விரல் இடைவெளி விட்டு உடைந்த ஓடு ஒன்றைப் பதித்தார்கள். பகலில் ஏறிய சூடு ராத்திரி வெகுநேரம் அதன் பின்னால் தங்கியது. பல்லிகள் அங்கே குடிபோயின.

அதன் பிறகு அக்கா எந்த வீட்டுக்குப் போனாலும் வலை ஒன்று, ஓடு ஒன்று. "போர்டு எரியாம போனா நமக்கு வேலை எங்க அண்ணி வரும்?" என்று கொழுந்தன் முணுமுணுத்தான். வேலை கூடத்தான் செய்தது. வலை போட்டுக்கொள்ளவே ஆட்கள் கூப்பிட்டார்கள்.

பயம் போய்விட்டதா என்றால், பாதி போய்விட்டது. ஓணானைக் கையில் எடுப்பார். பல்லி என்றால் இன்றும் கொழுந்தன்தான் மூடியைத் திறக்க வேண்டும். "ஓணான் மூஞ்சி பாத்துப் பழகும். பல்லி திருட்டுத்தனமா வரும்" என்பது அவர் கட்சி. மேடத்துக்கும் ஏணி இன்னும் பழகவில்லை. அதனால் இருவரும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு, வாரம் ஒருமுறையாவது கடை வாசலில் தேநீர் குடித்தார்கள்.

மழைக்காலம் முடிந்து மேடத்தின் ஆராய்ச்சியும் முடிந்தது. ஓணான்களைப் பிடித்த இடங்களிலேயே கொண்டு விட வேண்டும். அக்கா கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வேனில் ஏறினார். ஊருக்கு வெளியே, புதர்களும் வேலியும் இருந்த ஒரு மேட்டில் வண்டி நின்றது. மேடம் பெரிய ஓணானை அக்காவிடமே கொடுத்தார். அக்கா அதை ஒரு மரத்தின் அடியில் வைத்துக் கையை எடுத்தார். அது தண்டில் சரசரவென்று ஏறியது. நிழலைக் கடந்து, காலை வெயில் பட்டையாக விழுந்திருந்த இடத்துக்குப் போய் நின்று, உடம்பைத் தட்டையாக விரித்து, தலையை இரண்டு முறை ஆட்டியது.

"பாத்தீங்களா, ஆன் பண்ணிடுச்சு" என்றார் அக்கா.

கணவர் ஹாரன் அடித்தார். பகலில் மூன்று வீடுகளில் சர்வீஸ் இருந்தது. கொழுந்தன் ஏணியை வேன் மேல் கட்டியிருந்தான். அக்கா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, முன் இருக்கையில் இந்த முறை காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார்.